ஒன்பது ‘ஹேவ் பீன்’களும் ஒரு வெற்றுத்தாளும்

திருப்புலிவனம்,
11-7-1979, புதன் காலை.

அன்புள்ள மைத்துனன் தேவராஜனுக்கு, மாமா வீரபத்திரன் ஆசிகளுடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் உன் அக்கா உண்ணாமலை சுகம், உன் அக்கா மகள் ஏலவார்குழலி சுகம், எருமை சுகம், கிணற்றில் நாலடித் தண்ணீரும் சுகம். சுகமில்லாதவன் நான் ஒருவன்தான். அவ்விடம் நீயும் உன் சம்சாரமும் குழந்தைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் வினையை இங்கே விதைத்துவிட்டு நீ பாட்டுக்கு மதராஸுக்குப் பஸ் ஏறிவிட்டாய். எழுத்து கொஞ்சம் பெரிதாக விழுந்திருப்பதற்கு மன்னிக்கவும். புதுப் பேனா, முள் தடிப்பு. வழக்கமாக எனக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவள் குழலி. இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியக் கூடாது என்பதால் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து நானே எழுதுகிறேன்.

சித்திரையில் உத்திரமேரூரில் நடந்த காதுகுத்தில் நீ என்ன பேசினாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. வடை சாப்பிட்டுக்கொண்டே மானாம்பதி வீராசாமியிடம், “எங்க குழலி இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதுச்சுன்னா எங்க ஆபீஸ் மானேஜரே எழுந்து நின்னு படிப்பாரு” என்றாய். மச்சான், நான் பக்கத்திலேயே இருந்தேன். அப்போதே உன் காலை மிதித்தேன். நீ காலை இழுத்துக்கொண்டாயே தவிர வாயை மூடவில்லை. அந்த வீராசாமிக்கு வேதகிரி என்று ஒரே மகன், செங்கல்பட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா, வெற்றிலைகூடப் போடாத பையன். அவர்கள் ஆனி முதல் வாரத்தில் பெண் பார்க்க வந்தார்கள். காப்பி பிடித்தது, பெண்ணைப் பிடித்தது, எருமையைக்கூடப் பிடித்தது என்றார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்ட பிறகு வீராசாமி திரும்பி, “சம்பந்தி, ஒண்ணே ஒண்ணு. பொண்ணு தன்னப் பத்தி ஒரு பக்கம் இங்கிலீஷ்ல எழுதி அனுப்பட்டும். பையன் ஆசப்படுறான். உங்க மச்சான்தான் சொன்னாரே, பொண்ணு பிரமாதமா எழுதும்னு” என்றார். பார்த்துக்கொள். உன் வடை என் தலையில் வந்து விழுந்தது.

இது எனக்கு எப்பேர்ப்பட்ட இடம் என்று உனக்குத் தெரியும். குழலிக்குப் பத்தொன்பது முடிகிறது. வந்த மூன்று வரனும் பம்பாய், பிலாய், அரக்கோணத்துக்கு அந்தப்பக்கம் என்று வந்தது, அவளும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்குச் சொல்லி மறுத்தாள். இந்த ஒரு வரனுக்குத்தான் வாயைத் திறக்காமல் இருக்கிறாள். வருகிற செவ்வாய்க்கிழமை ஆடி பிறக்கிறது. அதற்குள் வெற்றிலை பாக்கு மாற்றாவிட்டால் ஒரு மாதம் சும்மா கிடக்க வேண்டும், அந்த ஒரு மாதத்தில் அவர்கள் மனசு எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும். செங்கல்பட்டிலேயே ஒரு பெண், காலேஜில் கால் வைத்த பெண், தயாராக இருக்கிறதாம்.

குழலியிடம் சொன்னேன். அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பென்சிலால் பத்து நிமிஷத்தில் எழுதி முடித்துவிட்டாள். மொத்தம் ஆறே வரி! வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். இப்போது வருகிற பென்சில்களில் கரியே இல்லை, ஏதோ எறும்பு ஊர்ந்தது போலத் தெரிந்தது, அவ்வளவுதான். ஆறு வரிக்கு யார் பெண் எடுப்பார்கள்? நம் ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்து ஆண்டாளம்மாள் டீச்சரிடம் எடுத்துப் போனேன். டீச்சர் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி படித்தார். “நல்லா கீதுங்க. இந்த ஹேவ் பீன் பாருங்க, எங்க வரணுமோ கரெக்டா அங்க வந்து கீது. இதுக்கு மேல ஒரு எழுத்து சேக்காதீங்க” என்றவர், “நீங்க இத்தப் படிச்சீங்களா?” என்று ஒரு தினுசாகக் கேட்டார். படிக்காமலா கொண்டுவருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு ஆத்திரம்தான். ஒரு பக்கம் கேட்ட இடத்துக்கு ஆறு வரி, அதில் ஒரே ஒரு ஹேவ் பீன்! அது என்ன என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்து குழலியைக் கேட்டேன். “அது ஒண்ணும் இல்ல நைனா. ஒரு வேலைய எப்பவோ ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் செய்துகினே கீறோம்னா அப்படி எழுதணும்” என்றாள். அட, அப்படியானால் என் மகள் எத்தனை வேலையை எத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறாள்! ஒன்று எப்படிப் போதும்?

ஆகையால் உத்திரமேரூருக்குப் போனேன். தாலுகா ஆபீஸ் எதிரே வேப்ப மரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதுகிற ஜானகிராமனை உனக்குத் தெரியும். பட்டா மாற்றத்திலிருந்து பம்பு செட்டுக்குக் கரண்டு வரை இந்தச் சுற்று வட்டாரத்தில் இங்கிலீஷ் மனு என்றால் அவர் கைதான். குழலியின் தாளை நீட்டினேன். அவரும் படித்தார், அவரும் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டி, “நீங்களே ஒரு தபா படிச்சுப் பாருங்களேன்” என்றார். எனக்கு எதற்கய்யா கண்ணாடி? திருப்பிக் கொடுத்துவிட்டேன். “சரி, இத்த மடிச்சு வூட்டுல வெச்சுக்குங்க, நான் வேற எழுதுறேன்” என்று ஆரம்பித்தார் பார், ஒரு மணி நேரம் பேனா நிற்கவில்லை. எழுதி முடித்து எனக்குத் தமிழில் விளக்கினார். மொத்தம் ஒன்பது ஹேவ் பீன்! “ஒம்போது போட்டுக் கீறேன். மூணு போட்ட மனுவுக்கே ரெவின்யூ இன்ஸ்பெக்டரு கையெழுத்துப் போட்டுட்டாரு” என்றார். மரத்தடியில் காத்திருந்த நாலு பேரும் எட்டிப் பார்த்து, யாருக்கு நிலம் போகிறது என்று விசாரித்தார்கள்.

அதைக் குழலி தன் கையெழுத்தில் எழுதினால்தானே ஆயிற்று. அவள் எழுதிக்கொண்டே சிரித்தாள். “நைனா, இதுல இன்னா எழுதிக் கீறாரு தெரியுமா? எஸ்.எஸ்.எல்.சி.ய நான் ரெண்டு வருஷமா இன்னும் பாஸ் பண்ணிக்கினே கீறேனாம்” என்றாள். கடைசியில் கனம் சமூகம் அவர்கள் தயவு பண்ணி இந்தக் கல்யாணத்தை உத்தரவு செய்தால் நானும் என் வாரிசுகளும் என்றென்றும் பிரார்த்திப்போம் என்றும் இருந்ததாம். பெரிய இடத்தில் அப்படித்தான் எழுதுவார்கள், நீ எழுது என்று அதட்டினேன். பதினோரு தடவை எழுதினாள். இரண்டு தாளில் மை கொட்டியது, ஒன்றை எருமை தின்றது, உன் அக்கா ஒன்றின் மேல் அப்பளத்தைக் காய வைத்துவிட்டாள். பதினோராவது தாளை எடுத்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நம் கோயில் சாமி திருப்புலிவனத்தார் பாதத்தில் வைத்து எடுத்தேன். நல்ல தாள் கசங்கக் கூடாதே என்று அலமாரியில் கிடந்த ஒரு வெற்றுத்தாளைச் சுற்றி உறைக்குள் போட்டு மானாம்பதிக்குத் தபாலில் சேர்த்தேன். இத்தனைக்கும் அன்று நல்ல நாள், நானே காலண்டரில் பார்த்தேன். அப்புறம் குழலி அது போன மாசத்துத் தாள் என்றாள். காலண்டர் அச்சடிப்பவர்களும் இப்போது பொடிப்பொடியாகத்தான் அடிக்கிறார்கள்.

போன திங்கட்கிழமை உறை திரும்பி வந்தது. பிரித்தேன். தாள் முழுக்கச் சிவப்பு மை! மூலையில் மஞ்சள், நடுவில் சிவப்பு, காப்புக் கட்டிய கோயில் சுவர் தோற்றது. குழலி எண்ணிப் பார்த்து இருபத்து மூன்று தப்பு என்றாள். ஒன்பது ஹேவ் பீனில் எட்டை அடித்திருந்தது. அடியில் இங்கிலீஷில் இரண்டு வரி. “இத்த எழுதினவருக்கு இங்கிலீஷ் அடிப்படையே தெரியலன்னு எழுதிக் கீது நைனா” என்றாள். கூடவே வீராசாமி தமிழில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். அதையும் அவளே படித்தாள். “எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாததால் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டினோம், அவர் அபிப்பிராயம் இணைத்துள்ளோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பெண் பிழையில்லாமல் ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் பேசலாம். இல்லாவிட்டால் செங்கல்பட்டு இடம் காத்திருக்கிறது” என்று இருந்தது. நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். குழலி மட்டும் சிவப்பு மையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “நைனா, எழுத்தோட வால இப்படி நீட்டி வளைச்சுப் போடுறவரு யாரு? இது அந்த மனு எழுதுறவரு கையெழுத்து” என்கிறாள்.

உனக்குப் புரிகிறதா? எழுதியவனிடமே கொண்டுபோய்த் திருத்தியிருக்கிறார்கள்! அவர்களையும் குறை சொல்ல முடியாது, இங்கிலீஷ் காகிதம் என்றால் மானாம்பதிக்காரனும் அந்த வேப்ப மரத்தடிக்குத்தானே வருவான். நேற்றுக் காலை நாஷ்டாகூடப் பண்ணாமல் போனேன். “ஏன்யா, நீயே எழுதிட்டு நீயே அடிச்சுக் கீறியே, உனக்கே நியாயமா கீதா?” என்று கத்தினேன். ஜானகிராமன் நிதானமாக வெற்றிலையைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார். “கோவப்படாதீங்க. நீங்க எழுதச் சொன்னீங்க, எழுதினேன். அவங்க தப்புக் கண்டுபிடிக்கச் சொன்னாங்க, கண்டுபிடிச்சேன். வரப்புத் தகராறுல ரெண்டு பங்காளிக்கும் நான்தான் மனு எழுதுறேன், ஒருத்தனாச்சும் இப்படிச் சண்டைக்கு வந்தானா? ஒரு தப்பும் இல்லன்னு சொன்னா அவங்க இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் பஸ் ஏறி வரணும்?” என்றார். நீ எழுதியதுதான் என்று அவர்களிடம் சொன்னாயா என்று கேட்டேன். “அது தொழில் ரகசியம்” என்றார். அது மட்டுமா, “வேணும்னா அந்தத் திருத்தம் செல்லாதுன்னு உங்க தரப்புல ஒரு மனு போடலாம், எழுதட்டா?” என்று பேனாவைத் திறந்தார். நான் அழாததுதான் பாக்கி.

திரும்புகிற வழியில் பஸ்ஸுக்கு முன்னால் போர்டு என்று ஏதோ கிறுக்கி வைத்திருந்தார்கள். காஞ்சிபுரம் வண்டி என்று ஏறினேன், அது செங்கல்பட்டு வண்டி. ஏரிக்கரையைத் தாண்டிய பிறகுதான் கண்டக்டர் சொன்னான். இறக்கிவிட்டான், வெயிலில் நடந்து வந்தேன். வீட்டுக்கு வந்து அதை உன் அக்காவிடம் சொன்னால், “ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, இந்த மனுஷனுக்குத்தான் இன்னும் தெரியல” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். என்ன தெரியவில்லை என்று கேட்டால் அப்பளத்தைப் பொரிக்கிறாள். ஒரே பேஜாராக இருக்கிறது மச்சான். ராத்திரி முழுக்க எனக்கு ஹேவ் பீன்தான் காதில் கேட்கிறது. எனக்கு இருப்பது ஒரே மகள், அவளுக்கு இருப்பது இந்த ஒரு வரன், நடுவில் இந்த இழவு வார்த்தை வந்து வரப்புப் போல படுத்திருக்கிறது.

ஆகவே நீ ஒரு உபகாரம் செய்ய வேண்டும். பேசியவன் நீ, ஆகையால் எழுத வேண்டியவனும் நீ. ஆபீஸில் அந்த எழுந்து நிற்கிற மானேஜரை உட்கார வைத்து, குழலி எழுதுவது போல ஒரு பக்கம் எழுதி வாங்கு. ஹேவ் பீன் எத்தனை வேண்டுமோ அத்தனை இருக்கட்டும், ஒன்று கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை நீயே நேரில் கொண்டு வா. தபாலை நான் இனி நம்ப மாட்டேன், மரத்தடியையும் நம்ப மாட்டேன். ஞாயிறு தாண்டினால் செவ்வாய் ஆடி, ஆடி வந்தால் இந்த வீரபத்திரன் ஏரியில் இறங்கிவிட்டான் என்று வைத்துக்கொள். இப்போது அதிலும் முழங்கால் தண்ணீர்தான் இருக்கிறது, அதற்கும் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

உன் சம்சாரம் லீலாவதிக்கு என் ஆசி. குழந்தைகளுக்கு மழையும் படிப்பும் காலத்தில் வரட்டும். காதுகுத்து, கிரகப்பிரவேசம் எங்கே போனாலும் நீ வாயை வடைக்கு மட்டும் திறக்க வேண்டுமென்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் நாக்கினால் கெட்ட மாமா,
வீரபத்திரன்.

பி.கு. அதே புதன், மத்தியானம் மூன்று மணி. மேலே எழுதியது எல்லாம் வீண். கிழித்துப் போட மனசு வரவில்லை, நாலு முழுத்தாள், கை வலிக்க எழுதியிருக்கிறேன், அதனால் அனுப்புகிறேன். நீ ஒன்றும் எழுதிக் கொண்டுவர வேண்டாம்.

தபாலில் போடக் கிளம்பினேன், வாசலில் மாப்பிள்ளைப் பையன் வேதகிரியே நிற்கிறான். கையில் மஞ்சள் ஒட்டிய ஒரு தாள். “மாமா, இந்தத் தாளும் உங்க கவர்லதான் வந்துச்சு. எங்க நைனா நல்ல லெட்டர மட்டும் அந்தப் பெரியவர் கிட்ட எடுத்துக்கினு போயிட்டாரு. இத்தப் பாக்குப் பொட்டலம் மடிக்க வெச்சிருந்தாரு, நேத்து லீவுல வந்த நான்தான் பார்த்தேன்” என்றான். நான் சுற்றி அனுப்பினேனே வெற்றுத்தாள், அது வெற்றுத்தாள் இல்லையாம் மச்சான். குழலி பென்சிலால் எழுதிய அந்த ஆறு வரித் தாளாம்.

பையனைத் திண்டாட விடாமல் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “உண்மையச் சொல்லிடுறேன். எனக்குத்தான் இங்கிலீஷ் வராது. புதுசா வந்த மானேஜரு எல்லாத்தையும் இங்கிலீஷ்லயே எழுதச் சொல்லி உயிர எடுக்குறாரு. தெரிஞ்ச பொண்ணா இருந்தா எனக்குச் சொல்லிக் குடுக்கும்னுதான் கேட்டேன். போன வார லீவுல நைனா காட்டின அந்தப் பெரிய லெட்டர் எனக்கு ஒரு வரி புரியல. ஆனா இந்த ஆறு வரி ஒரே தபாவுல புரிஞ்சுது. என் ஆயுசுல முழுசாப் புரிஞ்ச இங்கிலீஷ் இதுதான்” என்றான். என்ன எழுதியிருக்கிறது, எனக்கும் தமிழில் சொல் என்றேன். உன் அக்கா வேண்டாம் என்று கை காட்டினாள், பையன் பார்க்கவில்லை, படித்துவிட்டான்.

நான் சமைப்பேன், தைப்பேன். ஆறு வருஷமாக என் தகப்பனாருக்குத் தினமும் பேப்பர் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் கண்ணுக்கு எழுத்துத் தெரிவதில்லை, அச்சுச் சரியில்லை என்று சொல்லிக்கொள்வார். அதனால் தூரமாக இருக்கிற ஊருக்கு என்னால் வர முடியாது. மானாம்பதியிலிருந்து வாரம் ஒரு தடவை வந்து போக விடுவீர்களா? இதை அவரிடம் சொல்லிவிட வேண்டாம்.

இதைத்தான் டீச்சர் படித்தார், ஜானகிராமன் படித்தார். நானே ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய் எல்லாருக்கும் படிக்கக் கொடுத்திருக்கிறேன். பம்பாயும் பிலாயும் ஏன் பிடிக்கவில்லை என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்குப் பேப்பர் படித்துக் காட்டுவது அவளுக்குப் பொழுதுபோக்கு என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று சொல்லிக் கொட்டகைப் பக்கம் போய்விட்டு வந்தேன்.

பையன், “தாராளமா வாராவாரம் வரட்டும், நானே இட்டுகினு வர்றேன், வெள்ளிக்கிழமையே நைனாவோட வந்து வெத்தல பாக்கு மாத்திக்கலாம்” என்றான். எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்தால், உள்ளேயிருந்து குழலி வெளியே வந்து, “நான் ஒரு பக்கம் எழுதினேன் இல்ல நைனா? அவரையும் அவரப் பத்தி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க. இங்கிலீஷ்லயே” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். பையனுக்கு வேர்த்துவிட்டது. வாசல் வரை வந்து என்னைத் தனியாக இழுத்து, “மாமா, தாலுகா ஆபீஸ் எதிர்ல மரத்தடியில யாரோ ஒருத்தரு நல்லா எழுதித் தர்றாராமே, அவரு எவ்ளோ நேரம் வரைக்கும் கீறாரு?” என்று கேட்கிறான். ஐந்து மணி வரை என்று சொல்லித் தொலைத்தேன். வேறு என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை தாம்பூலத்துக்கு அவசியம் வா. வரும்போது மூர் மார்க்கெட்டில் ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கி வா. உன் அக்காவுக்கு என்று சொல்லி வாங்கு. முகம் கொஞ்சம் அகலம், ஏறக்குறைய என்னளவு இருக்கும் என்று சொல். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது மதராஸ் கடைக்காரனுக்கு எப்படித் தெரியப் போகிறது.